வேனில் சாப்பிட்ட நாலு பேர்

அத்தியாயம் 9

எர்லிண்டா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதைப் போன வாரம் பார்த்தோம். 'என் வீட்டில் யாரும் கொரோனா நோயாளிகளுடன் பழகவில்லை' என்று ஒரே ஒரு வரி. முதியோர் இல்லத்து மேனேஜர் நீட்டினார். எர்லிண்டா அவர் கொடுத்த பேனாவைத் துடைத்துக்கொண்டு முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.

யோசிக்காமல் எழுதவில்லை. முந்தின நாள் ராத்திரியே கணவர் டெல்பினிடம் கேட்டுவிட்டாள்.

"ஆலையில எனக்கும் பக்கத்துல நிக்கிறவனுக்கும் நடுவுல பிளாஸ்டிக் திரை தொங்குது லிண்டா. அவன் மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சு" என்று அவர் சிரித்தார்.

கையெழுத்துப் போட்டது செவ்வாய்க்கிழமை. இன்று வியாழன்.

காலை ஐந்து மணிக்கு அந்த வீட்டில் மூன்று பேரும் எழுந்துவிடுவார்கள். மாட்டிறைச்சி ஆலைக்குப் போக வேண்டியவர் டெல்பின் பகடுவான். பதினோரு வருடமாக அங்கே முன்சப்பைக் கறியில் கொழுப்பு சீவுகிற வேலை. எர்லிண்டா முதியோர் இல்லத்தின் இரண்டாவது மாடிக்குப் போக வேண்டும். அவர்களுடைய ஒரே மகள் ஜோவெலின் எங்கேயும் போக வேண்டாம். படியிறங்கி, வீட்டின் நிலவறைக்குப் போனால் போதும்.

மலையடிவார ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் நின்றவள் அவள். மார்ச் மாதம் ஹோட்டலைப் பூட்டினார்கள். ஏப்ரலில் சுகாதாரத் துறைக்கு, இவர்களுடைய தாய்மொழியான இலொகானோ பேசுகிற ஆள் தேவைப்பட்டது. நோய் வந்தவர்களைப் போனில் கூப்பிட்டு, யார் யாரோடு பழகினீர்கள் என்று விசாரித்து எழுதுகிற வேலை. இப்போது துணி துவைக்கும் மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் அவளுடைய ஆபீஸ் இருக்கிறது.

"ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு சோறு?" என்று அம்மா கேட்டாள். பன்றிக்கறி அடோபோவைப் பெரிய டப்பாவில் அப்பாதான் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பசிக்குது. கத்தி புடிச்சு நின்னு பாரு, தெரியும்."

"தனியாத்தானே போற?"

"தனியாத்தான். வேன்ல நானும் மாதா படமும்."

அம்மா தன் பங்கு சோற்றை இன்னொரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, சமையலறையின் அடுத்த கோடியில் நின்றே விடைபெற்றாள். பத்து நாளாக அவள் மேலறையில் தனியாகத்தான் தூங்குகிறாள். வேலை முடிந்து வந்தால் கார் நிறுத்துகிற கொட்டகையிலேயே உடை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவாள்.

"என்னோட பத்தொன்பது கிழங்களும் நல்லா இருக்கணும். அதுக்கப்புறம்தான் உங்க ரெண்டு பேரு மூஞ்சி" என்பாள்.

இரண்டு வண்டிகளும் கிளம்பிப் போயின. வெளியே ஏப்ரல் மாதத்து அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது.

பத்தரை மணிக்கு அந்த ஃபைல் வந்தது.

ஃபைல்கள் எண்ணோடுதான் வரும். திறந்தால்தான் பெயர். 'இலொகானோ பேசுபவர். முதல் விசாரணை நேற்று முடிந்தது. மறுவிசாரணை தேவை' என்று மேலே எழுதியிருந்தது. ஜோவெலின் காதில் மாட்டுகிற கருவியைச் சரிசெய்துகொண்டே திறந்தாள்.

எலிசியோ டும்லாவ். வயது 58. இறைச்சி ஆலை.

எலிசியோ அவளுடைய ஞானத்தகப்பன்; 'நினோங்' என்றுதான் கூப்பிடுவாள். சொந்த ஊரான இலொகோஸில் ஞானஸ்நானத் தொட்டியின்மேல் அவளைத் தாங்கிப் பிடித்தவர். 'லீவுல இருக்கான்' என்று நேற்றுக்கூட அப்பா சொன்னாரே?

நேற்று விசாரித்தவள் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். 'ஆலைக்குப் பயணம்: தனியாக. மதிய உணவு: தனியாக, தடுப்புப் பலகைக்குப் பின்னால். நெருங்கிப் பழகியவர்கள்: எவரும் இல்லை.'

தெரிந்தவர்களின் ஃபைல் வந்தால் தொடக் கூடாது, திருப்பி அனுப்பிவிட வேண்டும். முதல் நாள் பயிற்சியில் முதலில் சொன்ன விதி இது. ஆனால் இந்த ஊரில் இலொகானோ பேசுகிறவர்களில் அவளுக்குத் தெரியாதவர் யார்?

அவள் எண்ணை அழுத்தினாள். குரல் கேட்டால் போதும், நலம் விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"வணக்கம், சுகாதாரத் துறையிலிருந்து பேசறேன்..."

"யாரு, ஜோவா?" இருமல் வந்தது. நீளமான இருமல். "உன் குரல் எனக்குத் தெரியாதா? ஞானஸ்நானத்தன்னிக்கு நீ போட்ட கத்தல் இன்னும் இந்தக் காதுல இருக்கு."

"நினோங், உடம்பு எப்படி இருக்கு?"

"நெஞ்சு மேல மாடு படுத்திருக்கு. நாப்பது வருஷமா வெட்டினேன்ல, ஒண்ணு திருப்பிப் படுத்திருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் உங்க ஃபைலைத் திருப்பிக் கொடுக்கணும். தெரிஞ்சவங்களை விசாரிக்கக் கூடாதாம். வேற ஆள் கூப்பிடுவாங்க."

"கொடு, கொடு." தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "வேற ஆள்னா நான் நேத்து சொன்னதையே சொல்லிடுவேன். அதுவே வசதி."

"நேத்து என்ன சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

துணி துவைக்கும் மெஷின் கடகடவென்று சுற்றி நின்றது.

"அவ யாரோ வெள்ளைக்காரப் பொண்ணு. அவகிட்ட சொல்லிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது? பலிபீடத்துக்கு முன்னால உன்னைத் தூக்கி வெச்சு வாக்குக் கொடுத்தவன் நான்." மறுபடி இருமினார். "சாப்பாட்டு ஹால்ல பலகை அடிச்சுப் பாதி நாற்காலியைத் தூக்கிட்டாங்க. உக்கார வரிசையில நிக்கணும். அரைமணி நேரத்துல இருபது நிமிஷம் நின்னே போயிடும். அதுவுமில்லாம, ஒவ்வொருத்தனும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்து தனியாத் தின்னா அது சாப்பாடா? அதான் வேனுக்குப் போயிட்டோம்."

"எந்த வேன்?"

கேட்கும்போதே அது யாருடைய வேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை பேரு நினோங்?"

"நாலு பேரு. கதவைச் சாத்திட்டு. வெளியே அந்தக் குளிர்ல எவன் கண்ணாடியை இறக்குவான்? ஒரே டப்பா, அடோபோ. உங்கம்மா கைப்பக்குவம்." குரல் தாழ்ந்தது. "மாஸ்க் எல்லாம் கறி வெட்டற லைன்ல போடறதுதானே. வேன் நம்ம வீடு மாதிரின்னு நெனச்சோம்."

"போறதும் வர்றதும்?"

"அதுவும் நாலு பேருதான். உங்கப்பன்தான் ஓட்டினான். நேத்து என் ரிசல்ட் வந்ததும் போன் பண்ணினான். 'லிண்டா கையெழுத்துப் போட்டுட்டா எலிசியோ, வேனைப் பத்தி மட்டும் சொல்லாதே'ன்னு அழுதான். ஆலைக்காரன் பொண்டாட்டிகளை வேலையை விட்டு நிறுத்துங்கன்னு அந்தக் கிழங்களோட பிள்ளைங்க கடிதம் எழுதறாங்களாமே? கடையிலகூட நம்மளைப் பார்த்தா ஒதுங்கிப் போறானுங்க. அவளைப் பொய்க்காரின்னு துரத்திடுவாங்கன்னு அவனுக்குப் பயம்."

ஜோவெலின் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். அது விசாரணைக் கேள்வித்தாளில் இருந்த கேள்வி அல்ல.

"அப்பாவுக்குக் காய்ச்சல் இருக்கா?"

"மூணு நாளாம், அவனே சொன்னான். காலையில ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் ஆலை கேட்டுக்குப் போறானாம். நெத்தியில அந்தக் காய்ச்சல் துப்பாக்கியை வெச்சுப் பார்க்கறதுக்குள்ள சூடு இறங்கிடும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா வீட்டுக்குள் வந்ததும் அவர் புறங்கையைத் தன் நெற்றியில் வைத்து ஆசி வாங்குவது பிறந்ததிலிருந்து பழக்கம். நோய் வந்த பிறகு, தொடக் கூடாது என்று அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்தக் கையின் சூடு அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மணி பத்து ஐம்பது. பதினொன்றரைக்கு முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு. அம்மா ஒவ்வொரு கட்டிலாகப் போய், முகத்துக்கு முகம் வைத்து, கரண்டியால் ஊட்டுவாள்.

மேற்பார்வையாளர் மோரீனைக் கூப்பிட்டாள். மோரீனும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறாள், மூன்று குழந்தைகளோடு.

"சொல்லு கண்ணு. டேய், அந்தக் கம்ப்யூட்டரை நக்காதே! சொல்லு."

"தெரிஞ்சவங்க ஃபைல் ஒண்ணு வந்திருக்கு. திருப்பி அனுப்பினா எப்போ எடுப்பாங்க?"

"இலொகானோவா? உன்னை விட்டா எட்மண்டன்ல ஒருத்தர்தான். அவர்கிட்ட அறுபது ஃபைல் கிடக்கு. நாளைக்கு மத்தியானம் ஆகும்."

"அம்மா, டீச்சர் அசையாம நின்னுட்டாங்க!" என்று பின்னால் ஒரு குழந்தை அலறியது.

"டீச்சர் நிக்கல, நம்ம இன்டர்நெட் நின்னிருச்சு! ஜோ, ரொம்ப நெருங்கினவங்களா?"

"ஆமா."

மோரீன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "விதிப்படி நீ அனுப்பணும். ஆனா எழுதற விஷயம் இப்பவே உன் கையில இருந்தா, எழுதிட்டு அனுப்பு. அதுக்காக யாரும் உன்னைத் தூக்குல போட மாட்டாங்க."

எழுதாமலும் அனுப்பலாம். அதை மோரீன் சொல்லவில்லை, ஜோவெலினுக்கே தெரியும். நாளை மத்தியானம் வேறு யாரோ கூப்பிடுவார்கள். நினோங் பழைய பொய்யையே சொல்வார். அம்மாவின் கையெழுத்து நிற்கும். அப்பா சிரித்துக்கொண்டே மாத்திரை போடுவார். பத்தொன்பது பேரும் வாயைத் திறந்து கரண்டிக்குக் காத்திருப்பார்கள்.

'நெருங்கிப் பழகியவர்கள்' என்ற கட்டத்தில் இருந்த 'எவரும் இல்லை'யை அழித்தாள். மூன்று பெயர்களை எழுதினாள். முதல் பெயர் டெல்பின் பகடுவான். முகவரி என்ற இடத்தில் தன் வீட்டு முகவரியை எழுதும்போது கதவு எண்ணைத் தப்பாக அடித்து, திருத்தி, மறுபடி தப்பாக அடித்தாள்.

ஆலையில் பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மணி. பதினொன்று ஐந்துக்கு ஆபீஸ் எண்ணிலிருந்து கூப்பிட்டாள். அப்பா எடுக்கவில்லை. தெரியாத எண்ணை அவர் எடுக்கவே மாட்டார். தன் சொந்த போனை எடுத்துக் கூப்பிட்டாள்.

"என்னடி ராசாத்தி? சாப்ட்டியா?" பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"வணக்கம். நான் சுகாதாரத் துறையிலிருந்து பேசறேன்."

"ஐயோ, கலெக்டர் அம்மா! சொல்லுங்க, சொல்லுங்க."

"நான் பேசறது டெல்பின் பகடுவான்கிட்டதானா?"

"ஜோ, விளையாடாதே. சோறு ஆறுது."

"உங்க பிறந்த தேதி சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. வேனுக்குள் ஹீட்டர் ஊதுகிற சத்தம் மட்டும் வந்தது.

"எலிசியோ சொல்லிட்டானா?" என்றார் அப்பா.

"பிறந்த தேதி சொல்லுங்கப்பா."

"எழுதாதே." அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. "உன் கால்ல விழறேன். என் பேரு வேணா எழுது, வேனை எழுதாதே. லைன்ல பக்கத்துல நின்னேன்னு எழுது. அது ஆலையோட தப்பாப் போகும். வேன்னா என் தப்பு. உங்கம்மா என்னைக் கேட்டுட்டுத்தாண்டி கையெழுத்துப் போட்டா."

"எழுதியாச்சுப்பா."

"அழிச்சிடு."

"அழிக்க முடியும். அழிக்க மாட்டேன்."

"பெத்த அப்பனை..."

"அம்மா இன்னும் இருபது நிமிஷத்துல சாப்பாடு ஊட்டப் போறா." ஜோவெலின் கேள்வித்தாளில் இருந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டாள். "காய்ச்சல் எப்போ ஆரம்பிச்சது?"

"திங்கட்கிழமை ராத்திரி" என்றார்.

திங்கட்கிழமை. அப்படியென்றால் கையெழுத்துக்கு முன்னால்.

"அப்போ அம்மா கேட்டப்பவே..."

"வெறும் அலுப்புன்னு நெனச்சேன் ஜோ. சத்தியமா, அலுப்புன்னுதான் நெனச்சேன்."

பிறகு அவர் போனை விலக்கிவிட்டுக் கத்தினார். "இறங்குங்கடா! ரெண்டு பேரும் இறங்குங்க! டப்பாவை வை, தொடாதே அதை!" கதவு இழுபடும் சத்தம் கேட்டது. போனுக்குள் காற்று விசிலடித்தது. "உன்னைத்தான்டா ரஸ்டிக்கோ, வாயில இருக்கறதைத் துப்பு!"

அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறந்த தேதி, மாத்திரை, வேன், டப்பா. வீட்டில் உள்ளவர்கள் யார் என்று கேட்டபோது மட்டும் அழுதுவிட்டார். தோளும் கழுத்துமாக எருமைக்கடா மாதிரி இருக்கிற மனிதர். இத்தனை வருடத்தில் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

"எங்கப்பா இருக்கீங்க?"

"வேனுக்கு வெளியே நிக்கறேன்."

"உள்ள உக்காருங்க. தனியா. கண்ணாடியை இறக்கி விட்டுட்டு வீட்டுக்கு வாங்க."

"உங்கம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"அதுக்கு நேரமில்லப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பதினொன்று இருபத்தாறு. முதியோர் இல்லத்தின் இரண்டாவது மாடியில், நடைவழி மேசையில் ஒரு போன் உண்டு. ஆறாவது தடவை மணி அடித்ததும் அம்மாவே எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"ரெண்டாவது மாடி."

"அம்மா, நான்தான். ஊட்ட ஆரம்பிச்சிட்டியா?"

"இன்னிக்கு லேட். இன்னொருத்தி வரவே இல்லை. மாடி முழுக்க நான் ஒருத்திதான். என்னடி, இந்த நேரத்துல?"

ஜோவெலின் சொன்னாள். சுற்றி வளைக்காமல், வேனில் தொடங்கி திங்கட்கிழமை வரைக்கும்.

அம்மா கத்துவாள் என்று நினைத்திருந்தாள். அம்மா கத்தவில்லை.

"ஒத்த ஆளுக்கு எதுக்கு அவ்வளவு சோறுன்னு கேட்டேன்ல?" என்றாள் மெதுவாக. "கேட்டுட்டு விட்டுட்டேன்."

"அம்மா, நீ இப்பவே கீழ இறங்கி வெளிய வரணும். யாரையும் தொடாதே. மேனேஜர்கிட்ட நான் பேசறேன்."

"மேனேஜர் தலைமை ஆபீஸோட மீட்டிங்ல இருக்கா, கதவைச் சாத்திக்கிட்டு. ஆள் அனுப்பச் சொல்லி ரெண்டு தடவை தட்டிட்டேன்."

"மறுபடி தட்டு."

"முதல்ல நீ எழுதிக்கோ."

"என்ன?"

"நான் யார் யாரைத் தொட்டேன்னு. அதுதானே உன் வேலை? எழுது. மறந்துபோறதுக்குள்ள சொல்லிடறேன்." நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் வந்தது. "மிஸஸ் ஹால்வொர்சன். பல்செட் கழுவி மாட்டினேன். மிஸ்டர் கோவல்ச்சுக். சவரம் பண்ணினேன், ரெண்டு கன்னமும் புடிச்சு. அவரு பாட்டுப் பாடினாரு, நானும் கூடப் பாடினேன். மாஸ்க் நனைஞ்சிருந்தது, மூக்குக்குக் கீழ இறக்கித்தான் பாடினேன். அதையும் எழுது."

ஜோவெலின் எழுதினாள். கட்டம் போதாமல் அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். தலை வாரினேன், புரட்டிப் படுக்க வைத்தேன், கட்டிப்பிடித்துத் தூக்கினேன், நெற்றியில் முத்தம் கொடுத்தேன், அவங்க பொண்ணு ஜன்னலுக்கு வெளியே நின்னு கொடுக்கச் சொன்னா. அம்மா நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பதினெட்டுப் பெயர்கள்.

"பத்தொன்பதாவது, ஏழாம் நம்பர் ரூம், வால்டர் பென்னர்." அம்மா நிறுத்தினாள். "அவருக்கு இன்னிக்குக் காலையில இருந்து உடம்பு சுடுது ஜோ. நடுக்கத்தைக் குளிர்னு நெனச்சு ரெண்டாவது போர்வை போத்திட்டு, கையைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். பாவம், விடவே இல்லை கையை."

ஜோவெலின் அதையும் எழுதினாள்.

"நான்தான் கொடுத்தேனா?" என்றாள் அம்மா.

இந்தக் கேள்விக்கும் தாளில் ஒரு வாசகம் இருந்தது. "அதை உறுதியாச் சொல்ல வழியில்லை" என்று படித்தாள்.

"வழி இல்லையா, சொல்லக் கூடாதா?"

"அம்மா..."

போனுக்கு அப்பால் ஒரு மணி அடித்தது. நோயாளிகள் கட்டிலில் இருந்தபடி அழுத்துகிற மணி. விட்டு விட்டு அடிக்காமல், ஒரேயடியாக அடித்தது. யாரோ பொத்தான்மேல் கையை வைத்துக்கொண்டு எடுக்க முடியாமல் கிடப்பது மாதிரி.

"ஏழாம் நம்பர்" என்றாள் அம்மா.

"போகாதே! நீ உள்ள போகக் கூடாது. மேனேஜர் கதவைத் தட்டு, நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன். பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க."

"பத்து நிமிஷமா?"

"அம்மா, தயவு செஞ்சு..."

"எழுதிக்கிட்டே இரு கண்ணு" என்றாள் அம்மா.

போனை அவள் வைக்கவில்லை. மேசைமேல் கிடத்திய சத்தம் கேட்டது. ரப்பர் செருப்புகள் நடைவழியில் ஓடின. ஜோவெலின் ஒரு கையால் காதுக் கருவியை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் சொந்த போனில் ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு நின்றது.